உள்ளே விட்ட துணி

நீரளவு நாளளவு நெஞ்சின் நிலையளவும்
பேரளவன் தாளே துணை.

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

அளவுக்குள் அடங்காதவனை முதலில் வணங்கி, வாழ்நாளெல்லாம் அளந்தே பிழைத்தவனாகிய உன் அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க அவன் அருளட்டும். மாப்பிள்ளையின் முழங்கால் இந்தக் குளிருக்கு என்ன சொல்கிறது? நீ ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி மாற்றினாயா?

சென்ற வாரம் நீ தொலைபேசியில் அழைத்தபோது, உன் கேள்விகளில் பாதியை ஊகித்துத்தான் பதில் சொன்னேன். நீ உணவைப் பற்றிக் கேட்டிருப்பாய், நான் மழையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். காது அவ்வளவுக்கு மங்கிவிட்டது. ஆகவே இனிக் கடிதமே நமக்கு ஏற்றது. கடிதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.

சிகிச்சை விவரம் கேட்டிருந்தாய். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முற்பகல் முழுவதும் ஒரு சாய்வு நாற்காலியில் கிடக்கிறேன். என் குருதி கையை விட்டுப் புறப்பட்டு, இயந்திரத்துக்குள் சுற்றிக் கழுவப்பட்டு, மீண்டும் கைக்கே வந்து சேர்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் அறுபத்தேழு ஆண்டுகள் ஒரு சத்தமும் இல்லாமல் செய்துவந்த ஊழியத்தை இப்போது ஓர் அலமாரி அளவு இயந்திரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு செய்கிறது. படைத்தவனின் கைத்திறனை வியக்க எனக்கு இப்படி ஒரு வழி வாய்த்தது.

இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை அறுத்து இணைத்திருக்கிறார்கள். ஊசி ஏறுவது அங்கேதான். அந்த இடத்தைக் காதோடு சேர்த்து வைத்தால் வண்டு முரல்வது போல் ஓர் ஒலி. உலகம் பேசுவது சரியாகக் கேளாத காதுக்கு இது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. விடியலில் துதி பாடத் தொடங்குமுன் கையைக் காதில் வைத்துச் சுருதி பிடித்துக்கொள்கிறேன். அந்த வண்டு பாடும்வரை கை பழுதில்லை என்கிறார் மருத்துவர்.

தொல்லை ஒன்றுதான். நான் முழுக்கைச் சட்டைக்காரன் என்பது உனக்குத் தெரியும். கையைச் சுருட்டினால் இறுக்குகிறது, இறுக்கினால் இணைப்புக்குக் கேடு. செவிலிப் பெண், "சட்டையைக் கழட்டிட்டு உட்காருங்க ஐயா, இங்க யாரு பாக்கப் போறாங்க" என்கிறாள். வெயிலில் நின்று நிலம் அளந்த காலத்திலும் மேல் பொத்தானைத் திறக்காதவன் நான். இந்த வயதில் திறந்த மார்போடு சபையில் உட்கார மனம் ஒப்பவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர். என் முணுமுணுப்பைக் கேட்டு எனக்குச் 'சாமி' என்று பெயர் வைத்துவிட்டார். "சாமி, நம்ம ரெண்டு பேருக்கும் இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, ரேடியேட்டர்தான் போச்சு" என்று முதல் நாளே நோயை விளக்கிவிட்டார். மருத்துவர் சொன்னதைவிட எளிதாக விளங்கியது.

தண்ணீருக்கு அளவு உண்டு. காலையில் ஒரு சிறு செம்பில் ஊற்றி வைத்துக்கொள்வேன். படுக்கும்வரை அதுதான். உன் அண்ணி இருந்தால் அந்தச் செம்பைப் பார்த்துப் பார்த்து அவள் அழுதிருப்பாள். அந்த வகையில் அவள் முந்திக்கொண்டது நல்லதே.

உன் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

உன் அண்ணன்

ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன். ஆனால் "நலமே" என்று எழுதி அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், விவரமாக எழுதுங்கள். முழங்காலுக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடியும் மாற்றிவிட்டேன்.

நான் தைக்கும்போது உங்கள் கடிதத்தை அவர்தான் உரக்க வாசிக்கிறார். ரேடியேட்டர் வந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அண்ணி வந்த இடத்தில் நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

இத்துடன் மூன்று சட்டைகள். இடது கை தோளிலிருந்து மணிக்கட்டுவரை திறக்கும். வெளியே பார்த்தால் சாதாரண முழுக்கை, உள்ளே வரிசையாக டிச் பட்டன். ஊசி ஏற்றும் நேரத்தில் அந்தப் பெண் இழுத்தால் போதும், திறந்துகொள்ளும். மேல் பொத்தான் போட்டபடியே இருக்கலாம், உங்கள் மானம் எங்கேயும் போகாது.

உங்கள் அளவை நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா? மார்பு நாற்பது, கழுத்து பதினைந்தரை. அந்த மூன்று கால் கருவியை வருஷக்கணக்காய்த் தூக்கித் தூக்கி வலத் தோள் இடத்தோளைவிட அரை இன்ச் தாழ்ந்துபோனது வரை எனக்கு மனப்பாடம். உங்களுக்கு மட்டும் தோளைக் கோணலாக வெட்டினால்தான் சட்டை நேராக நிற்கும்.

வழக்கம்போல் தையலுக்குள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். உடம்பு ஏறினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். யாருக்குத் தைத்தாலும் நான் உள்ளே துணி விடாமல் தைப்பதில்லை. போட்டுக்கொள்பவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்து, இன்னும் கொஞ்சம் சாப்பிடப் போகிறார் என்று ஒரு நம்பிக்கை.

கடைக்குப் பின்னால் இருக்கும் அறை சும்மாதான் கிடக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது, போய் விசாரித்தேன். இடம் கேட்டு வைக்கட்டுமா? "மச்சான் வந்தா எனக்குச் சண்டைக்கு ஆள் கிடைக்கும், உன்கூடப் போட்டு தோத்துத் தோத்து அலுத்துப்போச்சு" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை.

வண்டு பாடுகிறதா?

உங்கள் தங்கை

பிப்ரவரி 8

அன்புத் தங்கைக்கு,

ஒன்றாயும் பலவாயும் நிற்பவனைத் தொழுது எழுதுகிறேன். மாப்பிள்ளையின் புது மருந்து பயன் தருகிறதா?

சட்டை அணிந்து நான் நுழைந்த நாள் மருத்துவமனைக்குத் திருநாளாயிற்று. செவிலிப் பெண் ஒரே இழுப்பில் கையைத் திறந்தாள். பொத்தான்கள் வரிசையாகச் சடசடத்த ஓசை எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். பக்கத்து நாற்காலி வண்டிக்காரர் குழாய் மாட்டியிருந்த கையை மறந்து எழுந்துவிடப் பார்த்தார். "சாமி, உங்க தங்கச்சிகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு. பானட்டைத் திறக்கற மாதிரி இருக்கணும்." அவர் அளவுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். வயிற்றின் அளவைக் கண்டு நான் பிழையாக எழுதிவிட்டதாக நினைக்காதே. இருமுறை அளந்தேன்.

உன் அழைப்புக்கு நன்றி. ஆனால் வேண்டாம். ஒரு மனைக்கு எல்லைக் கல் நட்ட பிறகு அதை நகர்த்துவது பிழை என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், தன் கல்லைப் பிடுங்கிக்கொண்டு தங்கை வீட்டுப் பின்கட்டில் போய் நட்டுக்கொள்ளலாகாது. மாப்பிள்ளையின் முழங்காலுக்கே உன் இரு கையும் போதவில்லை. இங்கு என் நூல்கள் இருக்கின்றன, செம்பு இருக்கிறது, மூன்று நாள் போக்குவரத்து இருக்கிறது. நாள் கழிகிறது.

சென்ற வாரம் ஒரு மாணவி வந்து ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து கேள்வி கேட்டாள். இந்நோயோடு வாழ்வோர் எத்தனை காலம் வாழ்கிறார்கள் என்பது தெரியுமாம், எப்படி வாழ்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நல்ல கேள்வி. உறக்கம் எப்படி, அரிப்பு உண்டா, தசைப்பிடிப்பு உண்டா என்று என் காதருகே கத்திக் கேட்டாள். கடைசியில், "உங்க உடம்பு இப்படி இருக்கறதால சொந்தபந்தத்தோட பழகறதுக்கு இடைஞ்சல் இருக்கா?" என்றாள். சற்று யோசித்து, "பழக அருகில் எவரும் இல்லை அம்மா, ஆகவே இடைஞ்சலும் இல்லை" என்றேன். அதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வண்டு நன்றாகப் பாடுகிறது.

உன் தையலறை ஒளியோடு இருக்கட்டும்.

உன் அண்ணன்

பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். மருந்து வேலை செய்கிறது. நேற்று அவர் கடைத்தெருவரை நடந்துபோய், நடந்தே திரும்பி வந்தார். காஜா எடுப்பதும் இப்போது அவர்தான். பொத்தான் துளை எல்லாம் கொஞ்சம் பெரிதாக வருகிறது, கேட்டால் காற்று வேண்டும் என்கிறார்.

வண்டிக்காரர் சட்டையை அனுப்பியிருக்கிறேன். அந்த வயிற்றளவைப் பார்த்து இரண்டு சட்டைத் துணியை ஒன்றாக வைத்து வெட்டினேன். அவருக்கும் உள்ளே துணி விட்டிருக்கிறேன், அது இனிமேல் ஏறாமல் இருந்தால் நல்லது என்று சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு நீங்கள் சொன்ன பதிலை அவர் வாசித்ததும் ரவிக்கை வாங்க வந்திருந்த அம்மாள்கூட உட்கார்ந்துவிட்டாள். அண்ணா, கல்லைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். நான் துணிக்காரி. துணியை வெட்டிய பிறகும் ஒட்டுப்போட முடியும்.

அறை அப்படியே இருக்கிறது.

வண்டு பாடுகிறது என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதுங்கள்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 17

அன்புத் தங்கைக்கு,

கேளாமலே தருபவனை வணங்குகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

பதில் தாமதமாயிற்று. வேலைகள் இருந்தன. கையெழுத்துக் கோணலாக இருப்பதைப் பொருட்படுத்தாதே. மாப்பிள்ளைக்கு வாசிப்பது கடினமாக இருந்தால் மன்னிக்கச் சொல்.

வண்டிக்காரருக்குச் சட்டை அளவாக இருக்கிறது. வீட்டுக்குப் போனாலும் கழற்றுவதில்லையாம். அவர் மனைவி துவைக்கக் கேட்டு ஓய்ந்துவிட்டாராம்.

உன்னிடம் ஓர் உதவி. இங்கு ஒருவருக்குச் சட்டை வேண்டும். அவருக்கு வலது கை திறக்க வேண்டும், இடது கை வேண்டாம். கழுத்துப் பட்டியும் சற்றுத் தளர்வாக, பக்கவாட்டில் திறக்குமாறு இருந்தால் நலம். கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். வலக்கையில் இப்போதுதான் அறுவை நடந்திருக்கிறது, அந்தக் குழாய் இணைப்பு முதிர்ந்து பயன்படச் சில வாரங்கள் ஆகும். அளவுகள்: உயரம் முப்பது, தோள் பதினேழரை, வலத் தோள் அரை அங்குலம் தாழ்வு, மார்பு முப்பத்தெட்டு, கழுத்து பதினான்கரை.

இங்கு வெயில் தொடங்கிவிட்டது. செம்புத் தண்ணீர் நண்பகலிலேயே தீர்ந்துவிடுகிறது. பிற்பகலில் வெறுஞ்செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துதிகளைச் சொல்கிறேன். நா வறண்டு கிடக்கும்போது சொல்லுக்குத் தனிச் சுவை உண்டாகிறது.

உங்கள் இருவருக்கும் என் ஆசி.

உன் அண்ணன்

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் எழுத்தை அவரால் வாசிக்க முடியவில்லை. நானே மிஷினை விட்டு எழுந்து, ஜன்னலோரம் நின்று வாசித்தேன். நான்கு தடவை.

நீங்கள் சொன்னவருக்குச் சட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன். வலது கை திறக்கும். கழுத்துப் பட்டி பக்கவாட்டில் திறக்கும், உள்பக்கம் உறுத்தாமல் இருக்கப் பழைய மெல்லிய துணி கொடுத்திருக்கிறேன். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். மார்பு முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தாலும் நாற்பதுவரை பிரிக்கலாம். கழுத்தைப் பதினைந்தரைவரை பிரிக்கலாம். அவ்வளவு துணி உள்ளே இருக்கிறது.

அவர் தனியாக இருப்பவரா? அப்படியானால் எங்கள் பின்னறையைப் பற்றி அவரிடமும் சொல்லி வையுங்கள். அவருக்குக் கல், எல்லை என்று தொந்தரவு ஏதும் இருக்காது என்று நினைக்கிறேன்.

வண்டைப் பற்றி இந்தத் தடவை எழுதவில்லையே?

உங்கள் தங்கை

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

தோற்றமும் ஒடுக்கமும் தன் கையில் வைத்திருப்பவனைத் தொழுகிறேன். மாப்பிள்ளை நடக்கிறாரா? காஜா அளவு குறைந்ததா?

உன் சட்டைகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த வலக்கை இணைப்பு முதிரவில்லை. இனி நெஞ்சில் நிலையான குழாய் ஒன்று பதித்துத்தான் தொடர முடியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

வண்டிக்காரர் நிறுத்திக்கொண்டார். கால் விரல்கள் கறுத்து, இதயமும் தளர்ந்து, டயாலிசிஸ் நாள்களில் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. கடைசி நாளில் என் நாற்காலிக்குத் தன் நாற்காலியை நெருக்கிப் போடச் சொல்லி, என் காதில் வாயை வைத்துப் பேசினார். "சாமி, ஓட்டற வண்டிய நிறுத்தறதுக்கும் எடம் பாக்கணும். நடு ரோட்ல நின்னாத்தான் தப்பு. நான் எடம் பாத்துட்டேன். வீட்ல எல்லாரையும் உட்கார வெச்சுக் கேட்டேன். ரெண்டு நாள் அழுதாங்க, அப்புறம் சரின்னாங்க. இனிமே வீட்லதான். மொதல்ல ஒரு பெரிய சொம்பு தண்ணி குடிக்கணும் சாமி." எனக்கு ஒரு வார்த்தையும் தவறாமல் கேட்டது.

இரண்டு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். கடைசியிலும் உன் சட்டைதானாம். அவர் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு வருகிறார், மூடிக்கொண்டே போகிறார்.

உயிரை அளந்து கொடுத்தவன் அவன். இயந்திரத்தை வேண்டாமென்பது அவன் அளவுக்குத் தலைவணங்குவதா, அல்லது அவன் நீட்டிய கையைத் தட்டிவிடுவதா? என்னிடமுள்ள நூல்களையெல்லாம் புரட்டினேன். அவற்றை எழுதியோர் காலத்தில் இந்த இயந்திரம் இல்லை. மருத்துவரிடம் கேட்டேன். நல்ல மனிதர். "நிறுத்தறதும் ஒரு முடிவுதான் ஐயா, அது தப்பில்ல. ஆனா அவசரமே இல்ல. யோசிச்சு, வீட்டிலயும் பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்தேன். மாலைவரை உட்கார்ந்திருந்தேன்.

முன்பு வலக்கைச் சட்டை கேட்ட அந்த மனிதருக்கே இன்னொரு சட்டை வேண்டும். வெள்ளைத் துணி. இரு கையும் மூடியவை. கழுத்திலும் மார்பிலும் திறப்பு ஏதும் வேண்டாம், சாதாரணச் சட்டை. உயரம் முப்பது, தோள் பதினேழு, வலத் தோள் அரை அங்குலம் தாழ்வு, மார்பு முப்பத்தாறு, கழுத்து பதினான்கு. உள்ளே துணி விட வேண்டாம்.

உங்கள் இருவரையும் இறைவன் காக்க.

உன் அண்ணன்

ஜூன் 14

அண்ணா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

அந்தச் சட்டையைத் தைக்க மாட்டேன்.

ஏப்ரல் மாதமே எனக்குத் தெரியும். உயரம் முப்பது, வலத் தோள் அரை இன்ச் தாழ்வு. உலகத்தில் இன்னொருவருக்கு அந்தத் தோள் இருந்தால் அவரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, "இங்கு ஒருவருக்கு" என்றுதான் எழுதினீர்கள். சொல்ல வேண்டியதை விழுங்கத் தெரிந்த உங்களுக்கு அளவை மட்டும் மாற்றி எழுத வரவில்லை. வேறு யாராவது இருந்தால் ஒரு இன்ச் கூட்டி எழுதி என்னை நிம்மதியாக ஏமாற்றியிருப்பார்கள். உங்களுக்கு அது முடியாது. அளவில் பொய் எழுதத் தெரியாதவர் நீங்கள்.

நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். உள்ளே துணி விட்டு அனுப்பினேன். அதற்கு மேல் எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இரு கையும் மூடிய வெள்ளைச் சட்டை எதற்கென்று எனக்குத் தெரியாதா அண்ணா? உங்கள் உடம்பு உங்களுடையது. ஊசி உங்களுக்கு ஏறுகிறது, எனக்கு இல்லை. நிறுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டிக்காரர் வீட்டாரை உட்கார வைத்துக் கேட்டார், அவர்கள் அழுதார்கள், பிறகு சரி என்றார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் யாரை உட்கார வைத்துக் கேட்டீர்கள்? அந்தச் செம்பையா?

அழ எனக்கும் இரண்டு நாள் கொடுங்கள்.

இங்கே வந்து ஒரு மாதம் இருங்கள். நெஞ்சில் குழாய் வைத்துக்கொண்டு வாருங்கள். நிலையத்தில் உங்களுக்கு இடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து, என் முகத்தைப் பார்த்து, போதும் என்று சொல்லுங்கள். அப்போது அந்த வெள்ளைச் சட்டையை நானே தைக்கிறேன், உள்ளே ஒரு நூல் துணி விடாமல். ஆனால் எழுதி அனுப்பும் அளவுக்கு இனிமேல் உங்களுக்குத் தைக்க மாட்டேன். நேரில் அளந்துதான்.

தங்கை

இதற்குக் கீழே உங்கள் மாப்பிள்ளை: மச்சான், அவ அழுதுகிட்டே தைக்கறா, நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு எடது கை வெச்சுட்டா. வாங்க.

ஜூலை 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து பதில் இல்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கோபமாக எழுதிவிட்டேன். கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுதுங்கள். அவருடைய காலை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நான் புறப்பட நினைத்தேன். அவரும் போ என்றார். ஆனால் நான் வந்து கதவைத் தட்டி, அதுவும் உங்களுக்குக் கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு சட்டைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளை இல்லை, வெளிர்நீலம். கத்தரிக்கவில்லை. ஒரு வரி போதும்.

தங்கை

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

கைவிடாதவனை வணங்கி எழுதுகிறேன். உன்னை இத்தனை நாள் கலங்க வைத்த என்னை மன்னித்துக்கொள். மாப்பிள்ளையின் கால் நலமா?

கோபம் இல்லை. உன் ஜூன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. கழுத்துக் குழாயில் கிருமி ஏறிக் காய்ச்சல் கண்டு, நினைவில்லாமலே சில நாளும், எழுந்திருக்க முடியாமல் அதன்பின் ஒரு மாதத்துக்கு மேலும் மருத்துவமனையில் கிடந்தேன். யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஏதோ ஒரு துதியைச் சொன்னேனாம்.

வண்டிக்காரரின் மனைவி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருக்கிறார். பூட்டிய கதவையும் அஞ்சல் பெட்டியில் பிதுங்கிய உன் இரு கடிதங்களையும் கண்டு, அவற்றை எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக விசாரித்து வந்து சேர்ந்தார். என் கண்ணாடி வீட்டில் இருந்தது. ஆகவே அங்கிருந்த செவிலிப் பெண் வாசித்தாள். எனக்குக் கேட்க வேண்டுமே, கத்தி வாசித்தாள். கூடம் முழுவதும் கேட்டது. "உங்கள் உடம்பு உங்களுடையது" என்ற இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. எதிர்க்கட்டிலில் இருந்த காவற்காரர் விடவில்லை. "சிஸ்டர், கேக்கல, மறுபடி வாசிங்க" என்றார். மறுபடி வாசித்தாள்.

அன்றுமுதல் எனக்கு அங்கே மதிப்பில்லை. மருந்து தள்ளிக்கொண்டு வருபவர்கூட, "சாமி, தங்கச்சிக்குப் பதில் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார். காவற்காரர் மட்டும் ஒருநாள் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்து, "நீங்க பொய் சொல்லலை, ஒத்துக்கறேன். ஆனா உண்மையையும் சொல்லலையே சாமி" என்றார். வண்டிக்காரரின் மனைவி எதையும் வாதிடவில்லை. "எப்பக் கிளம்பறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே, சொல்லாமல் விட்டவற்றைச் சொல்கிறேன். வண்டு மார்ச் மாதமே நின்றுவிட்டது. ஒரு விடியலில் கையைக் காதில் வைத்தேன், ஒன்றுமில்லை. மறுகாதில் வைத்துப் பார்த்தேன். சுருதியில்லாமல் அன்று துதியைப் பாட வரவில்லை. அதை உனக்கு எழுதினால் உண்மையாகிவிடும் போலிருந்தது. பழக்கத்தால் இன்னும் தினமும் கையைக் காதில் வைக்கிறேன். அந்த மாணவி மறுபடி வந்து கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஊசியும் தாகமும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. அந்த ஓசையின்மை பெரிது.

நெஞ்சில் குழாய் பதித்தாயிற்று. எத்தனை காலம் என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் சிகிச்சைக் குறிப்புகளை உங்கள் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இம்மாதம் பதினொன்றாம் நாள் அங்கு வந்து சேர்வேன். வண்டிக்காரரின் மகன் வண்டி ஓட்டி வருகிறான். அவனாகச் சொன்னான், நான் கேட்கவில்லை.

நிறுத்துவதா தொடர்வதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உனக்கு எழுத மாட்டேன். நீ சொன்ன ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன். முடிவு எதுவானாலும் முதலில் உன்னிடம், உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அழ உனக்கு இரண்டு நாளும் தருவேன்.

இன்று வீட்டைப் பூட்ட ஆயத்தம் செய்தேன். நூல்களைக் கட்டினேன். செம்பை எடுத்துக்கொள்வதா என்று யோசித்து, எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் தண்ணீரை அளந்துதானே குடிக்க வேண்டும். ஆனால் அருகில் வேறு செம்புகளும் இருக்கும்.

உன் தையல் மிஷின் ஓசை எனக்குக் கேட்குமா என்று தெரியவில்லை. கேட்காவிட்டால் விடியலில் நீ தைக்கும்போது அந்த மேசைமேல் என் கையை வைத்துக்கொள்ள இடம் கொடு. அதிர்வாவது தெரியும்.

வெளிர்நீலத் துணியை நான் வரும்வரை கத்தரிக்காதே. நெஞ்சுப் பக்கம் திறக்க வேண்டும். நானாக அளக்கவில்லை, நீயே அளந்துகொள். உள்ளே துணி விட்டுத் தை.

இந்த வரியை உரக்க வாசித்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கும், மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கும் உனக்கும், கடையில் யார் வந்து அமர்ந்திருந்தாலும் அவர்க்கும், இம்மடலை எங்கிருந்து எடுத்து வாசிப்போர்க்கும் அவர்தம் மனையோர்க்கும், பருக நீரும் பேசத் துணையும் ஒருநாளும் குறையாதிருக்க அளவற்றவன் அருள்க.

உன் அண்ணன்